கிடைக்காத பழைய கார் பாகங்களை வீட்டுப் பட்டறையில் செய்யலாமா?

கேட்டவர் கொடுத்த விவரம் இதுதான். 1930களில் வந்த பிரிட்டிஷ் கார் ஒன்று கையில் இருக்கிறது. வாட்டர் பம்பின் அலுமினிய உடல் அரித்துப்போய்விட்டது, அதன் ஷாஃப்டும் தேய்ந்துவிட்டது. கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கியர் கையில் எடுத்தாலே பொடிகிறது. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து தொங்கும் டிராப் ஆர்மில் மெல்லிய கீறல் தெரிகிறது. மூன்றுமே எங்கும் கிடைக்கவில்லை. வீட்டில் ஒரு சிறிய லேத்தும் டிரில்லிங் மெஷினும் உண்டு. "3டி பிரிண்டர் ஒன்று வாங்கிவிட்டால் எல்லாவற்றையும் நானே செய்துவிடலாமா?" என்பது கேள்வி.

மெஷினைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் நிறுத்தி வைத்திருப்பது மெஷின் இல்லாத குறை அல்ல. வரைபடம் இல்லை. தேய்ந்த, உடைந்த, வளைந்த ஒரு பொருள் மட்டும் இருக்கிறது. அது புதிதாக இருந்தபோது என்ன அளவில், என்ன உலோகத்தில், எந்த அளவு இறுக்கத்தில் இருந்தது என்று யாரும் சொல்லப்போவதில்லை. அதைக் கண்டுபிடித்துவிட்டால் செய்வது பாதி வேலைகூட இல்லை. வீட்டில் முடியாததை வெளியில் கொடுத்தும் செய்துகொள்ளலாம். பல வருடம் டூல் ரூமில் வேலை பார்த்துவிட்டு, பிறகு பழைய வண்டிகளுக்குப் பாகம் செய்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இயந்திரப் பாகங்கள்தான் எனக்குத் தெரிந்தது. பாடி தகரம் தட்டுவது, பெயின்ட், மின்சார வயரிங் எல்லாம் வேறு ஆட்களின் கலை. அவற்றுக்குள் நான் போகவில்லை.

முதலில், பாகம் நிஜமாகவே கிடைக்காததுதானா என்று ஒரு முறை பாருங்கள். கார் கம்பெனி எல்லாவற்றையும் தானே செய்ததில்லை. கார்புரேட்டர் எஸ்.யூ., சோலக்ஸ், ஜெனித் போன்றவர்களிடமிருந்து வந்தது. மின்சாரப் பொருட்கள் லூகாஸ், பாஷ் போன்றவர்களிடமிருந்து. ஒரே பாகம் நான்கு கம்பெனி கார்களில் நான்கு பார்ட் நம்பரில் ஒளிந்திருக்கும். கார் பெயரை விட்டுவிட்டு, பாகத்தின் மேல் வார்த்திருக்கும் எண்ணை வைத்துத் தேடினால் சில சமயம் வேலையே மிச்சம். பால் பேரிங் என்றால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்துவிட்டுத் தேடுங்கள். அந்தக் காலத்து அளவுகள் பலவும் இன்றும் பேரிங் பட்டியல்களில் உயிரோடு இருக்கின்றன. தோல், ஃபெல்ட் சீல் இருந்த இடத்தில் இன்றைய ரப்பர் ஆயில் சீல் உட்காருமளவு இடம் இருக்கும், அல்லது சிறிது கடைந்து இடம் உண்டாக்கலாம்.

இனி அளவு. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். தேய்ந்த பாகத்தை அளந்து, அளந்தபடியே புதிதாகச் செய்வது என்பது தேய்மானத்தையும் சேர்த்து நகல் எடுப்பது. நீங்கள் தேட வேண்டியது அன்று டிராயிங் போர்டில் உட்கார்ந்தவர் எழுதிய எண்ணை. அவர் எழுதியது பெரும்பாலும் ஒரு முழு எண்ணாகவோ நேர்த்தியான பின்னமாகவோதான் இருக்கும்.

உங்கள் பம்ப் ஷாஃப்டையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் கசியாமலிருக்க ஷாஃப்டைச் சுற்றித் திணித்த கிளாண்ட் பேக்கிங் உரசிய இடத்தில் மைக்ரோமீட்டர் 15.6 மி.மீ. காட்டும், சில இடத்தில் 15.5. அந்த எண்களால் பயன் இல்லை. தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் உட்காரும் இடத்துக்கு உள்ளே, எதுவும் உரசாத ஒரு விரல்கடை நீளம் இருக்கும். துருவை மெல்லத் துடைத்துவிட்டு அங்கே வையுங்கள். 15.87 காட்டினால் விஷயம் முடிந்தது: அது ஐந்து நூல், அதாவது 5/8 அங்குலம், 15.875 மி.மீ. அடுத்து ஷாஃப்டைத் தாங்கும் குழலான புஷ்ஷின் உள்விட்டத்தையும் இம்பெல்லரின் துளையையும் அளந்து பாருங்கள். அவையும் 5/8-ஐச் சுற்றியே வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரு பாகத்தை அளக்கும்போது அதோடு சேர்ந்து வேலை செய்யும் எல்லாப் பாகங்களையும் அளக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நான் ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதுவேன்: அளந்தது, ஜோடியின் அளவு, முடிவு செய்தது. மூன்றாவது பத்தியைப் பென்சிலில்தான் எழுதுவேன்.

சுழலும் ஷாஃப்டுக்கும் வெண்கல புஷ்ஷுக்கும் இடையில் விடும் இடைவெளிக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: விட்டத்தில் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம். 25 மி.மீ. ஷாஃப்டுக்குச் சுமார் 0.025 மி.மீ. இது தொடக்கப் புள்ளிதான், சட்டம் அல்ல. தண்ணீரும் கிரீஸும் கலந்த இடத்தில் கொஞ்சம் கூடவே விடலாம். புஷ்ஷைத் தட்டி அல்லது அழுத்தி உள்ளே ஏற்றினால் அதன் துளை சுருங்கும். அதனால் லேத்தில் கடைசி அளவு வரை கடைந்துவிட்டு ஏற்றாதீர்கள். கொஞ்சம் சதை விட்டு ஏற்றி, பிறகு துளையைக் கடைசி அளவுக்கு மெல்ல வெட்டும் ரீமர் போடுங்கள். ஷாஃப்டைத் துருப்பிடிக்காத எஃகில் செய்துவிடுங்கள். மூலத்தில் சாதாரண எஃகு இருந்திருக்கலாம். ஆனால் இந்த இடத்தில் மூலத்துக்கு விசுவாசமாக இருந்து என்ன பயன்? வெளியே தெரியப்போவதில்லை, மீண்டும் துருப்பிடிக்கத்தான் போகிறது.

மரை விஷயத்தில் கண்ணை நம்பவே நம்பாதீர்கள். 1930களின் பிரிட்டிஷ் கார் என்றால் விட்வொர்த், பி.எஸ்.எஃப்., சின்ன ஸ்குரூக்களில் பி.ஏ. என்று பழைய பிரிட்டிஷ் மரை வகைகள் கலந்து இருக்கும். விட்வொர்த், பி.எஸ்.எஃப். இரண்டின் மரைக் கோணம் 55 டிகிரி, பி.ஏ.வுக்கு 47.5 டிகிரி. இன்று கடையில் கிடைக்கும் யூ.என்.சி., யூ.என்.எஃப்., மெட்ரிக் எல்லாம் 60 டிகிரி. அரை அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, அதே அரை அங்குல யூ.என்.சி.யில் 13. கால் அங்குல பி.எஸ்.எஃப்.பில் 26, யூ.என்.எஃப்.பில் 28. நட்டு இரண்டு சுற்று ஏறிவிடும், பிறகு இறுகும், "துருவாக இருக்கும்" என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டு இழுப்பீர்கள்; அலுமினியத்தில் வெட்டிய மரை அத்தோடு போயிற்று. ஸ்பேனர் பொருந்துவதை வைத்தும் முடிவு செய்ய முடியாது. மோரிஸின் பழைய எஞ்சின்கள் சிலவற்றில் மரை மெட்ரிக், போல்ட்டின் தலை மட்டும் விட்வொர்த் ஸ்பேனர் அளவு. அந்த எஞ்சினின் பூர்வீகம் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி என்பதால் வந்த விசித்திரம் அது. மரை கேஜ் ஒரு செட் வாங்கிக்கொள்ளுங்கள்; 55 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் தனித்தனி செட்.

பம்ப் உடலுக்கு வருவோம். இதை வீட்டில் முழுதாகச் செய்ய முடியும், ஆனால் வார்ப்பு வேலை என்பதால் பல கட்டம். முதல் ஆசை, பழைய உடலையே பேட்டர்னாக மண்ணில் பதித்து வார்த்துவிடலாம் என்பது. அப்படிச் செய்தால் வருவது பழையதைவிடச் சிறிய உடல். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குகிறது: வார்ப்பிரும்பு சுமாராக 1 சதவீதம், அலுமினியக் கலவைகள் 1.3 சதவீதம், வெண்கலம் 1.5 சதவீதத்தை ஒட்டி. 200 மி.மீ. நீளமுள்ள அலுமினியப் பாகத்தில் இது 2.6 மி.மீ. போல்ட் துளைகள் எஞ்சின் பிளாக்கின் துளைகளோடு சேராமல் நிற்பதற்கு அது தாராளமாகப் போதும். இத்தோடு அரிப்பில் போன சதையும், நீங்கள் கடைந்து முகம் எடுக்கப்போகும் சதையும் சேர வேண்டும். கடையும் பரப்புகளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விடுவது வழக்கம். மண்ணிலிருந்து பேட்டர்ன் மண்ணை இழுக்காமல் வெளிவர, நிமிர்ந்த சுவர்களுக்கு ஒன்று முதல் மூன்று டிகிரி சரிவும் வேண்டும்.

பழைய உடலைப் பேட்டர்னாக்கியே தீர வேண்டும் என்றால், அரித்த இடங்களைப் பாடி புட்டியால் நிரப்பி, முகங்களில் தகடு ஒட்டி உயர்த்தி, போல்ட் துளைகளை அடைத்துவிட்டு வார்த்து, துளைகளை இடம் பார்த்துப் பிறகு போட்டுக்கொள்ளலாம். சிறிய பாகங்களுக்கு இது நன்றாகவே போகும். பெரிதானால் மரத்திலோ பிரிண்டரிலோ பேட்டர்னைப் புதிதாகச் செய்வதே மேல். உள்ளே தண்ணீர் ஓடும் குழிக்கு ஒரு கோர், அதாவது அந்தக் குழியின் வடிவில் அச்சுக்குள் வைக்கும் மணல் கட்டி, வேண்டும். மணலைச் சோடியம் சிலிகேட்டோடு பிசைந்து, கோர் பெட்டியில் அழுத்தி, கார்பன் டை ஆக்சைடு வாயு செலுத்தினால் சில நொடிகளில் கல் மாதிரி இறுகிவிடும். வீட்டுக்கு இதுவே ஏற்ற முறை. கோர் சரியாக உட்காரத் தாங்கிகள் வைக்க மறந்தால், வார்ப்பின் ஒரு பக்கச் சுவர் 8 மி.மீ.யும் எதிர்ப்பக்கம் 2 மி.மீ.யுமாக வரும். உடைத்துப் பார்க்கும் வரை அது தெரியாது.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஊற்றுவது 700 முதல் 750 டிகிரிக்குள். அதற்கு மேல் சூடேற்றினால் நன்றாக ஓடும் என்று நினைப்பார்கள். ஆனால் சூடேற ஏற உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை உள்ளிழுத்துக்கொண்டு, ஆறும்போது வெளியே விடும். கடைந்து முகம் எடுத்ததும் குண்டூசித் துளைகளாகத் தெரிவது அதுதான். வாட்டர் பம்ப் அந்தத் துளைகளின் வழியே வியர்க்கும். குளிர்பான டப்பாக்களை உருக்காதீர்கள்; அந்தக் கலவை தகடு இழுப்பதற்கானது, அச்சில் ஓடுவதற்கானது அல்ல, கசடும் அதிகம். பழைய பிஸ்டன், அலாய் வீல் போன்ற, ஏற்கெனவே வார்ப்பாக இருந்தவற்றை உருக்குங்கள். முடிந்தால் எல்.எம்.25 என்ற வார்ப்பு அலுமினியக் கலவைக் கட்டி வாங்கிவிடுங்கள். வார்த்த உடலைக் கடைந்ததும், இரண்டு முனையையும் அடைத்துத் தண்ணீரில் முக்கிக் குறைந்த காற்றழுத்தம் கொடுத்துப் பாருங்கள். குமிழி வந்தால் வண்டியில் பூட்டும் முன்பே தெரிந்துவிடும்.

பம்பில் பால் பேரிங் போட நினைத்தால் இன்னொரு கணக்கு. அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 40 மி.மீ. துளையுள்ள உடலும் அதிலுள்ள பேரிங்கும் 80 டிகிரி சூடேறினால், துளை பேரிங்கைவிட 0.035 மி.மீ. அளவுக்கு அதிகமாகப் பெரிதாகும். குளிரில் கச்சிதமாக இருந்த பேரிங் சூட்டில் துளைக்குள் சுற்ற ஆரம்பிப்பது இதனால்தான். இறுக்கத்தைக் கூட்டிவிடுங்கள், அல்லது சர்க்ளிப் என்ற பிடிவளையம் போட்டுப் பிடியுங்கள்.

உருக்கும் வேலையின் ஆபத்தை ஒரே ஒரு விஷயத்தில் அடக்கலாம்: ஈரம். ஈரமான மண், ஈரக் கரண்டி, மழையில் கிடந்த உலோகத் துண்டு, இவற்றில் ஏதாவது ஒன்று உருகிய உலோகத்துக்குள் போனால் தண்ணீர் ஒரே கணத்தில் நீராவியாகி, உலோகத்தை மேலே வாரி அடிக்கும். கான்கிரீட் தரையிலும் ஈரம் இருக்கிறது. அதன் மேல் சிந்தினால் தரையே வெடித்துத் தெறிக்கும். உலர்ந்த மணல் பரப்பி, அதன் மேல் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். வார்ப்பிரும்பை வீட்டில் உருக்க நினைக்காதீர்கள். அந்த வெப்பநிலையும் அதற்கான உலையும் வேறு. பேட்டர்னை மட்டும் செய்து வார்ப்பாலையில் கொடுங்கள்.

கண்ணாடி கியர் பொடிகிறது என்றீர்கள். பார்க்காமலே ஓரளவு சொல்லலாம்: அது துத்தநாக வார்ப்பாக இருக்க வேண்டும். பழைய துத்தநாக வார்ப்புகளில் ஈயம், தகரம், காட்மியம் கலப்படம் இருந்தால், வருடங்கள் போகப் போக உலோகத்தின் மணிகளுக்கிடையே அரிப்பு ஓடும். பாகம் உப்பும், வெடிக்கும், கடைசியில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி மிகச் சுத்தமான துத்தநாகத்தில் ஜமாக் கலவைகளைக் கொண்டுவந்தது இந்தத் தொல்லைக்காகத்தான். ஆனாலும் எல்லா வார்ப்பாளரும் உடனே சுத்தமாகிவிடவில்லை. இந்த நோய் வந்த பாகத்தை ஒட்டவோ வெல்டு வைக்கவோ முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். அதை அளப்பதிலும் கவனம் தேவை, ஏனெனில் அது தேய்ந்து சிறிதாகவில்லை, உப்பிப் பெரிதாகியிருக்கிறது. இந்த ஒரு வகையில் மட்டும் அளவு எதிர்த்திசையில் பொய் சொல்லும். எனவே அதோடு கடிக்கும் சின்னக் கியரான எஃகுப் பினியனை அளந்து, அதிலிருந்து கணக்கிடுங்கள்.

கியர் கணக்கு பயப்படும் அளவுக்கு இல்லை. பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, அங்குலத்தில் வெளிவிட்டத்தால் வகுத்தால் பல்லின் அளவைச் சொல்லும் எண்ணான டயமெட்ரல் பிட்ச் வரும். 24 பல், வெளிவிட்டம் 82.55 மி.மீ., அதாவது 3.25 அங்குலம் என்றால், 26-ஐ 3.25-ஆல் வகுக்க 8. சுத்தமாக 8 வந்ததால் அது 8 பிட்ச். மெட்ரிக் மாட்யூலில் சொன்னால் 3.175, அதனால் 3 மாட்யூல் கட்டரை வைத்து "கிட்டத்தட்ட" வெட்ட முடியாது. வகுத்த விடை 6.12, 8.125 என்று அரைகுறையாக வந்தால் உடனே அளவைக் குறை சொல்லாதீர்கள். கார் கியர்பாக்ஸ்களில் குட்டைப் பல் அதிகம். 6/8 என்று குறிப்பிட்டால், பிட்ச் விட்டத்துக்கு 6, பல்லின் உயரத்துக்கு 8 என்று பொருள். 24 பல் இருந்தால் வெளிவிட்டம் 4.25 அங்குலம், சாதாரணச் சூத்திரத்தில் போட்டால் 6.12 வரும். அழுத்தக் கோணம், அதாவது பற்கள் ஒன்றையொன்று தள்ளும் சாய்வு, 14.5 டிகிரியா 20 டிகிரியா என்பதையும் பார்க்க வேண்டும். பழையவற்றில் இரண்டுமே உண்டு.

உங்கள் கண்ணாடி கியருக்கு நல்ல செய்தி என்னவென்றால், அது கையால் மெதுவாகச் சுற்றப்படுவது. பல்லின் வளைவு துல்லியமாக இல்லாவிட்டாலும் வேலை செய்யும். பித்தளையிலோ மைல்டு ஸ்டீலிலோ முழு வட்டத் தட்டைக் கடைந்து, லேத்தின் ஸ்பிண்டிலுக்குப் பின்னால் ஒரு சேஞ்ச் கியரை மாட்டி, அதன் பற்களையே பங்கு பிரிக்கும் தகடாகப் பயன்படுத்தி, பினியனின் பல் இடைவெளிக்குச் சாணை பிடித்த ஒற்றை உளியால் ஒவ்வொரு பல்லாக வெட்டுங்கள். பிறகு தேவையான அளவு வளைவை மட்டும் அறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தட்டில் இரண்டு மூன்று துண்டு வரும். மற்றக் கதவுகளின் கியரும் இதே நிலையில்தான் இருக்கும். இதே முறையில் கியர்பாக்ஸ் கியர் வெட்டலாமா என்றால், வேண்டாம். அங்கே வேகம், சுமை, கார்பன் ஏற்றிய மேற்பரப்பு, அதன் மேல் கிரைண்டிங் எல்லாம் வேண்டும். நானே கியர் வெட்டுபவரிடம் வரைபடத்தோடு கொடுத்துவிடுகிறேன்.

உலோகம் எது என்று தெரிந்துகொள்ள வீட்டில் இரண்டு சோதனை உண்டு. ஒன்று அரம். நல்ல அரம் கடிக்காமல் வழுக்கினால் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது. இன்னொன்று சாணைப் பொறி. கார்பன் குறைந்த எஃகில் நீண்ட வைக்கோல் நிறக் கோடுகள், கார்பன் கூடக் கூடப் பூப்பூவாகப் பிரியும், வார்ப்பிரும்பில் குட்டையான சிவந்த பொறி. தெரிந்த எஃகுத் துண்டுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் இதில் அர்த்தம் இருக்கும். இதை வைத்துக் குடும்பத்தைச் சொல்லலாம், பெயரைச் சொல்ல முடியாது. நிக்கல் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்பதற்கு ஆய்வகத்தில்தான் கொடுக்க வேண்டும். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் போன்றவை வெளியே கடினம், உள்ளே மென்மை: கார்பன் குறைந்த எஃகை 900 டிகிரியைத் தாண்டிய சூட்டில் கரியோடு பல மணி நேரம் வைத்து, மேல்தோலில் மட்டும் கார்பன் ஏற்றியவை. "அரம் வழுக்குகிறது, ஆகவே கடினம்" என்று முழுவதும் கடினமாகும் சில்வர் ஸ்டீலில் செய்து போட்டால், ஒரு குழியில் விழுந்ததும் கண்ணாடி மாதிரி முறியலாம்.

இதிலிருந்து டிராப் ஆர்முக்கு வருகிறேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: வீட்டில் செய்யாதீர்கள். வெல்டு வைக்காதீர்கள், சூடுபடுத்தி நிமிர்த்தாதீர்கள், அலுமினியத்தில் வார்க்காதீர்கள், கட்டையான எஃகிலிருந்து செதுக்கவும் செய்யாதீர்கள். அது சம்மட்டியில் அடித்து உருவாக்கியது. உலோகத்தின் இழை வளைவைத் தொடர்ந்து ஓடும். செதுக்கியதில் இழை வளைவில் வெட்டுப்பட்டு நிற்கும், லட்சக்கணக்கான முறை ஆடிய பிறகு அங்கிருந்துதான் கீறல் ஆரம்பிக்கும். தரமான கலவை எஃகில் தாராளக் கனத்தில், மூலை வளைவுகளைப் பெரிதாக வைத்து, சரியாகப் பதம் போட்டுச் செதுக்கிய ஆர்ம் ஓடும் என்று வாதிடும் பொறியாளர்கள் உண்டு. வாதம் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கணக்குப் போட்டு, பதத்தைச் சோதித்து, கீறல் சோதனை செய்து கொடுக்கிறார்கள். வீட்டுப் பட்டறையில் அந்த மூன்றும் இல்லை. இப்போது உங்களிடம் இருப்பதைச் சுத்தமாகத் துடைத்து, காந்தப் பொடிச் சோதனைக்குக் கொடுங்கள். நீங்கள் பார்த்தது கீறலா, அடிக்கும்போது விழுந்த மடிப்புக் கோடா என்று தெரிந்துவிடும். கீறல்தான் என்றால், வேறு வண்டியிலிருந்து எடுத்த பழைய ஆர்மைத் தேடி, அதையும் அதே சோதனைக்குக் கொடுத்துவிட்டுப் பூட்டுங்கள். அதுவரை வண்டி சாலையில் இறங்கக் கூடாது.

பிரேக்கிலும் இதே எச்சரிக்கைதான். பிரேக் ஹைட்ராலிக் என்றால், சிலிண்டர் தேய்ந்திருப்பதைத் துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் போட்டு மீட்கும் வேலை நன்றாக வேரூன்றிய ஒன்று; ஆனால் அதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். ரப்பரில் ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைகால் வகை, அதற்கு இ.பி.டி.எம். ரப்பர் சரி. அதே இ.பி.டி.எம். எஞ்சின் ஆயிலிலும் பெட்ரோலிலும் உப்பிப்போகும். அங்கே நைட்ரைல் வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு நைட்ரைலைவிட ஃப்ளூரோ ரப்பர் பாதுகாப்பு. கறுப்பாக இருக்கும் ரப்பர் எல்லாம் ஒன்றல்ல. பழைய பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், சில கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூளைக் காற்றால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

கடைசியாக 3டி பிரிண்டர். வாங்குங்கள், ஆனால் பாகம் செய்ய அல்ல, பேட்டர்ன் செய்யவும் பொருத்திப் பார்க்கவும். பி.எல்.ஏ. 60 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். பானெட்டுக்குக் கீழே அதற்கு வேலையே இல்லை. ஏ.பி.எஸ். 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும், டாஷ்போர்டு குமிழ் போன்றவற்றுக்கு ஆகும். ஆனால் பம்ப் உடலைப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு எஞ்சினில் வைத்து, போல்ட் துளை சேருகிறதா, ஃபேன் பெல்ட் இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதே கோப்பை 1.3 சதவீதம் பெரிதாக்கி மறுபடி அச்சிட்டால் பேட்டர்ன் தயார். அடுக்குக் கோடுகள் மண்ணைக் கவ்வும், அதனால் புட்டி பூசி உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர் ஜே லெனோவின் பட்டறையில் 1907ஆம் ஆண்டு வைட் நீராவிக் காரின் ஃபீட் வாட்டர் ஹீட்டருக்கு இந்த வழியைத்தான் பின்பற்றினார்கள்: ஸ்கேன் செய்து, கணினியில் அரிப்பைத் திருத்தி, பிளாஸ்டிக் மாதிரி எடுத்து, அதை வைத்து உலோகத்தில் வார்த்தார்கள். ஸ்கேனர் தேய்மானத்தையும் அப்படியே பிடித்துவரும் என்பதால், திருத்தும் வேலை எப்படியும் மனிதருக்குத்தான். உலோகத்தையே நேரடியாக அச்சிடும் முறையும் வந்துவிட்டது. போர்ஷே 959 காரின் கிளட்ச் ரிலீஸ் லீவரை 2018இல் எஃகுப் பொடியை லேசரால் உருக்கிச் செய்து கொடுத்தது. ஆனால் அது எடை ஏற்றிச் சோதித்து, உள்ளே குறை உண்டா என்று படம் எடுத்துப் பார்த்த பாகம். வெளியே கொடுத்து அச்சிட்டு வாங்கும் துண்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சோதனைதான்.

செய்து முடித்த ஒவ்வொரு பாகத்திலும், பூட்டினால் மறையும் இடத்தில், செய்த வருடத்தையும் உங்கள் எழுத்து ஒன்றையும் பஞ்சால் அடித்துவையுங்கள். பழைய கம்பெனியின் முத்திரையை மட்டும் பதிக்காதீர்கள். பின்னால் வாங்குபவர் அதை மூலப் பாகம் என்று நம்பி, மூலத்தின் வலிமையை எதிர்பார்ப்பார். வரைபடத்தையும் நோட்டையும் வண்டியின் காகிதங்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் பம்ப் ஷாஃப்டில் ஆரம்பியுங்கள். லேத்தும் மைக்ரோமீட்டரும் போதும், கை பழகும். அடுத்து கண்ணாடி கியர். உடல் வார்ப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பினியனின் பல் எண்ணிக்கை, வெளிவிட்டம், கியரின் அச்சுக்கும் பினியனின் அச்சுக்கும் உள்ள தூரம் ஆகிய மூன்றையும் எழுதினால் பிட்ச் என்ன என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். தூரத்தைக் கதவில் துளையிலிருந்து துளைக்கு அளந்து எழுதுங்கள், உப்பிய கியரை வைத்து அளக்க வேண்டாம்.